சிலிக்கோன் குழாய்க்கு ஹைட்ரோஜெல் பூச்சு: எந்த வழியில் போவது?

சிறுநீர் வடிகுழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிலிக்கோன் ரப்பரால் ஆனது. மென்மையானது, உடலோடு பெரிதாகப் பகை கொள்ளாதது, வாரக்கணக்கில் உள்ளே இருக்கக்கூடியது. குறை முழுவதும் அதன் மேற்பரப்பில்தான் இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் ஏறத்தாழ 110 பாகைத் தொடுகோணத்தில் முத்தாக உருண்டு நிற்கும். ஈரத்தை வெறுக்கும் இந்தப் பரப்பு, உடலின் ஈரச் சவ்வின்மேல் உராய்கிறது. அதில் புரதங்கள் படிகின்றன. புரதம் படிந்த இடத்தில் பாக்டீரியா குடியேறுகிறது. குழாயின்மேல் மெல்லிய ஹைட்ரோஜெல் (தண்ணீரை உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும் பாலிமர் வலை) அடுக்கு ஒன்றைப் போர்த்திவிட்டால், சவ்வைத் தொடுவது ரப்பராக இராது. பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும்.

ஹைட்ரோஜெல் புதிய பொருள் அல்ல. செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிம்மும் 1960இல் 'நேச்சர்' இதழில் உயிரியல் பயன்பாட்டுக்கான நீர்விரும்பி ஜெல்களைப் பற்றி எழுதினார்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் லென்ஸ் முழுவதும் ஜெல்தான்; அது வேறெதையும் பற்றிக்கொண்டு நிற்கவேண்டியதில்லை. வேறொரு பொருளின் முதுகில் ஜெல்லை ஏற்றி, நனைந்தாலும் உரசினாலும் வளைந்தாலும் இறங்காமல் வைத்திருப்பது தனி வித்தை.

இந்த வேலையில் இறங்கும் ஆய்வு மாணவர்களும் சிறு கருவித் தயாரிப்பாளர்களும் முதலில் கேட்பது, எந்தப் பாலிமரைப் பூசுவது என்பதைத்தான். பிவிபி எனப்படும் பாலிவினைல் பைரோலிடோனா, பாலிஅக்ரிலமைடா, இருமுனை மின்னூட்டம் கொண்ட ஸ்விட்டர்அயனிப் பாலிமரா? என் பார்வையில் அது இரண்டாவது கேள்வி. பூச்சு எதைப் பற்றிக்கொண்டு நிற்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். 2015 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ரத்தக்குழாய்க்குள் செலுத்தப்படும் கருவிகளிலிருந்து வழுவழுப்புப் பூச்சு உரிந்து பிரிவதைப் பற்றியது அது. பூச்சின் பணி எதுவாக இருந்தாலும், உரிந்து ரத்தத்தில் மிதக்கத் தொடங்கிவிட்டால் அது மருத்துவக் கருவியின் பகுதி அல்ல, ஓர் அந்நியத் துகள்.

தடிமன் என்ற கண்ணி

ஜெல் தண்ணீரைக் குடித்தால் எல்லாத் திசையிலும் பெருக்க முனையும். அடியில் ஒட்டப்பட்டிருப்பதால் பக்கவாட்டில் பெருக்க முடியாது; மேல்நோக்கி மட்டுமே எழும்பும். மழைக்காலத்தில் ஊறிய மரக்கதவு நிலைக்குள் இறுகிக்கொள்வதைப்போல, ஜெல்லுக்குள் அமுக்கத் தகைவு சேர்கிறது. அந்தத் தகைவு மடிப்புகளாகவும் சுருக்கங்களாகவும் வெளிப்படலாம். இல்லையென்றால் ஒட்டியிருக்கும் இடைமுகத்தைப் பிரித்துக்கொண்டு வெளிவரலாம்.

உரித்தெடுக்கக் கிடைக்கும் ஆற்றல் பூச்சின் தடிமனுக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்பதை நினைவில் வைக்கவேண்டும். அதே ஜெல், அதே பிணைப்பு, தடிமன் மட்டும் இரட்டிப்பு என்றால், இடைமுகத்தைக் கிழிக்கக் காத்திருக்கும் ஆற்றலும் இரட்டிப்பு. பத்து மைக்ரானில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பூச்சு நூறு மைக்ரானில் ஒரே இரவில் உரிந்து மிதக்கலாம். "பத்திரமாக இருக்கட்டும், கொஞ்சம் தடிமனாகவே பூசிவிடுவோம்" என்ற நல்லெண்ணம் இங்கே எதிராகத்தான் வேலை செய்யும். வழுவழுப்பு மட்டும் தேவை என்றால் சில மைக்ரான் போதும். மருந்தைத் தேக்கி வைக்கவேண்டும் என்றால்தான் தடிமனுக்கு நியாயம் இருக்கிறது; அப்போது பிணைப்புக்கும் அதற்கேற்ற விலை கொடுக்கவேண்டும்.

உலரும்போது கதை தலைகீழ். ஜெல் சுருங்க முனையும், அடித்தளம் விடாது, இழுவிசையில் வெடிப்பு விழும். ஆகவே பொருளை ஈரமாக உறையிடுவதா, உலர்வாக விற்றுப் பயன்படுத்தும் நேரத்தில் நனைப்பதா என்பது பொதி அட்டையோடு முடிகிற முடிவு அல்ல. உலர்வு என்றால் கிளிசரால் போன்ற ஈரம் காக்கும் பொருளைப் பூச்சுக்குள் விட்டுவைக்கவேண்டியிருக்கும்.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் எண்களைப் படிப்பதிலும் ஒரு கவனம் தேவை. 2016இல் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில் சுவான்ஹே ஷாவ் குழு, கண்ணாடி, உலோகம், பீங்கான் போன்ற நுண்துளையற்ற பரப்புகளில் ஹைட்ரோஜெல்லைச் சதுர மீட்டருக்கு 1000 ஜூலுக்கும் மேற்பட்ட பிணைப்பாற்றலோடு ஒட்டிக் காட்டியது. அசத்தலான வேலைதான். ஆனால் அந்த ஆயிரத்தின் பெரும்பங்கு இடைமுகத்து வேதிப்பிணைப்பிலிருந்து வருவதில்லை. உரிக்கும்போது தடிமனான, கடினத்தன்மை வாய்ந்த ஜெல்லின் உடல் ஆற்றலை விழுங்குகிறது. வேதிப்பிணைப்பு அதற்குள் அறுந்துவிடாமல் தாக்குப்பிடித்தால் போதும். பத்து மைக்ரான் தடிமனுள்ள மென்மையான பூச்சுக்கு அப்படி விழுங்க உடல் ஏது? அந்த எண்ணை எடுத்துத் தன் பூச்சின் தரத்தோடு ஒப்பிடுபவர் ஏமாறுவார்.

தோய்த்து உலர்த்துவது

பழைய வழி, இன்றும் சந்தையில் அதிகம் காணப்படும் வழி. பிவிபியைக் கரைப்பானில் கரைத்து, குழாயைத் தோய்த்து, சீரான வேகத்தில் தூக்கி, உலர்த்துவார்கள். ஸ்வீடனில் 1983இல் லோஃப்ரிக் என்ற பெயரில் வந்த நீர்விரும்பிப் பூச்சுள்ள சிறுநீர்க் குழாய் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிவிபி தண்ணீரில் முற்றிலும் கரைந்துவிடும்; அதை நிறுத்தி வைப்பதற்குப் பாலியூரித்தேனோடு பின்னிவிடுவார்கள், அல்லது ஐசோசயனேட் என்ற பிணைப்புப் பொருள் கொண்ட அடியடுக்கு ஒன்றைப் போடுவார்கள், அல்லது புற ஊதா ஒளியால் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து வலையாக்குவார்கள், அதாவது குறுக்கிணைப்பார்கள்.

தடிமனைக் கட்டுப்படுத்துவது எளிது. லண்டாவும் லெவிச்சும் 1942இல் வகுத்த விதிப்படி, தூக்கும் வேகத்தின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு ஏற்பப் படலம் தடிக்கும். மெதுவாகத் தூக்கினால் மெல்லியது, வேகமாகத் தூக்கினால் தடிமன். ஆயிரம் குழாய்களைச் சட்டத்தில் தொங்கவிட்டு ஒரே நேரத்தில் தோய்க்கலாம். பூசுகிற இடத்தில் மோனோமர் (கோத்தால் பாலிமராகும் சிறு மூலக்கூறு) இல்லை, அதைக் கோக்கும் ராடிக்கல் (எதனோடும் உடனே வினைபுரியத் துடிக்கும் மூலக்கூற்றுத் துண்டு) இல்லை, ஆக்சிஜனைப் பற்றிக் கவலை இல்லை. சென்னையைப்போன்ற கடலோர ஊரில் ஒரு தொல்லை மட்டும் உண்டு. எளிதில் ஆவியாகும் கரைப்பான் பறக்கும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால்போல் வெளுத்துவிடும். தோய்க்கும் அறையின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தாமல் இந்த வேலை நடக்காது.

பிவிசி, பாலியூரித்தேன் குழாய்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். கரைப்பான் அடிப்பரப்பைச் சற்று ஊறவைக்க, சங்கிலிகள் உள்ளே நுழைந்து சிக்கிக்கொள்கின்றன. சிலிக்கோன் அப்படி இடம் கொடுப்பதில்லை. பிவிபி கரையும் எத்தனாலில் சிலிக்கோன் அதிகம் ஊறாது. சிலிக்கோன் நன்றாக ஊறும் கரைப்பான்கள் பெரும்பாலானவற்றில் பிவிபி கரையாது. இரண்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தைக்கு வழி மிகக் குறைவு. அதனால் சிலிக்கோனில் வெறும் தோய்ப்பு நம்பத்தக்கதல்ல. ஒருமுறை செலுத்தி, சில நிமிடங்களில் எடுத்து எறியும் பிவிசி குழாய்தான் உங்கள் பொருள் என்றால் இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை. தோயுங்கள், உலர்த்துங்கள், குறுக்கிணையுங்கள்.

பென்சோபீனோன்: பரப்பிலிருந்தே வளர்ப்பது

சிலிக்கோனுக்கு வரும்போது என் முதல் விருப்பம், குறைந்தது ஆய்வகத்தில், இதுதான். சுவான்ஹே ஷாவ் குழு 2019இல் பல்வேறு பாலிமர்களில், எந்த வடிவத்திலும் ஹைட்ரோஜெல் தோலை வளர்க்கும் முறையாக இதை விவரித்தது. சிலிக்கோனை எத்தனாலில் கரைத்த பென்சோபீனோனில் சில நிமிடங்கள் ஊறவைக்கிறோம். பென்சோபீனோன் தண்ணீரை விரும்பாதது. பரப்புக்குச் சற்று உள்ளே போய் உட்கார்ந்துவிடும். துடைத்துவிட்டு, மோனோமரும் நீரில் கரையும் ஒளித்துவக்கியும் கலந்த கரைசலில் அமிழ்த்தி 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் வைக்கிறோம். ஒளி பட்ட பென்சோபீனோன் அருகிலுள்ள பாலிமர்ச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. அந்த வெற்றிடத்திலிருந்து புதிய சங்கிலி முளைக்கிறது. பரப்பின் உள்ளேயும் வெளியேயும் ஒன்றாக வளர்வதால் இரண்டு வலைகளும் பின்னிக்கொள்கின்றன. பற்றாத சங்கிலிகள் கழுவும்போது போய்விடும். பற்றியவை சில மைக்ரான் முதல் இருபது, முப்பது மைக்ரான் வரையிலான தோலாக மிஞ்சும்.

இந்த முறையின் நுட்பம் ஆக்சிஜனைக் கையாளுவதில் இருக்கிறது. ராடிக்கல் பாலிமராக்கத்துக்கு ஆக்சிஜன் பரம எதிரி. முளைக்கும் ராடிக்கலைப் பிடித்து மந்தமான பெராக்சியாக மாற்றிவிடும். காற்றில் வைத்துச் செய்தால் கரைசலின் நடுப்பகுதி கெட்டியாகி, நமக்கு வேண்டிய பரப்பு மட்டும் கூழாக நிற்பது இதனால்தான். பரப்பில் ஊறிய பென்சோபீனோன் ஓரளவு ஆக்சிஜனையும் தின்று தீர்க்கிறது. ஆனாலும் சிலிக்கோன் விஷயத்தில் ஒன்றை மறக்கக்கூடாது. ரப்பர் வகைகளிலேயே ஆக்சிஜனை மிக எளிதாக ஊடுருவ விடுவது அது. கரைசலில் நைட்ரஜனை ஓட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால், குழாயின் சுவரே உள்ளே தேக்கிவைத்த ஆக்சிஜனைப் பரப்புக்குக் கொண்டுவந்து சேர்க்கும். குழாயையும் தனியாக நைட்ரஜனில் சிறிது நேரம் வைத்தெடுப்பது நல்லது.

சிலிக்கோனின் வேதியியலும் முழு மனதோடு ஒத்துழைப்பதில்லை. அதன் மெத்தில் தொகுதி ஹைட்ரஜனை எளிதில் கைவிடாது. பாலியூரித்தேன் அந்த வகையில் தாராளமானது. சிலிக்கோனிலும் வேலை நடக்கும், ஆனால் பாலியூரித்தேனில் கிடைத்த ஒளி நேரத்தை அப்படியே கொண்டுவந்து எதிர்பார்க்கக்கூடாது.

ஆய்வகத்திலிருந்து தொழிற்கூடத்துக்குப் போகும்போது மூன்று முட்டுக்கட்டைகள். முதலாவது ஒளி. மருத்துவக் குழாய்கள் எக்ஸ்ரேயில் தெரியவேண்டும் என்பதற்காகப் பேரியம் சல்பேட் கலந்து செய்யப்படுகின்றன. வெள்ளையாக, ஒளிபுகாமல் இருக்கும். வெளிப்பரப்புக்குப் பிரச்சினையில்லை. உள்துளைக்கு வெளியிலிருந்து ஒளி போகாது. ஒளியிழையை உள்ளே நுழைத்து இழுக்கவேண்டும், அது தனி இயந்திர வேலை. இரண்டாவது நச்சுத்தன்மை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அக்ரிலமைடை 2-ஏ (புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்) பிரிவிலும் பென்சோபீனோனை 2-பி (உண்டாக்கக்கூடும்) பிரிவிலும் வைத்திருக்கிறது. பாலிஅக்ரிலமைடு சாது, அதில் மிஞ்சும் மோனோமர் நரம்பு நச்சு. எவ்வளவு கழுவினோம், என்ன மிஞ்சியது என்பதை அளந்து எழுதிவைக்காமல் ஒழுங்குமுறை அதிகாரிகளிடம் போக முடியாது. மூன்றாவது, தொட்டியிலுள்ள மோனோமர் கரைசலில் பெரும்பகுதி பூச்சாகாமல் வீணாவது. கட்டுரைகளில் யாரும் இதைக் கணக்கிடுவதில்லை, கணக்கெழுதுபவர் கணக்கிடுவார்.

சைலேன்: பாலமும் பெயின்டும்

சைலேன் மூலக்கூறின் ஒரு முனை பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியோடு சேரும். மறுமுனை ஜெல்லின் வலைக்குள் நுழையும். கண்ணாடி, சிலிக்கான், ஆக்சைடு படிந்த உலோகம் ஆகியவற்றுக்கு இதைவிட நேரான வழி இல்லை. சிலிக்கோன் ரப்பரில் ஹைட்ராக்சில் இல்லாததால் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் (மின்புலத்தில் அயனியாக்கிய வாயு) ஒரு நிமிடம் போல வைத்து உண்டாக்கவேண்டும். அதோடு ஓட்டப்பந்தயம் தொடங்குகிறது. சிலிக்கோனின் உள்ளிருக்கும் சிறு சங்கிலிகள் மெல்ல மேலே ஊர்ந்து வந்து பரப்பை மறுபடி நீர்வெறுப்பியாக்கிவிடும். பிளாஸ்மா முடிந்த கையோடு சைலேன் கரைசலில் போட்டுவிடவேண்டும். காலையில் பிளாஸ்மா, மதிய உணவுக்குப் பிறகு சைலேன் என்று வேலையைப் பிரிப்பவர்கள், மறுநாள் பூச்சு உரிந்ததற்கு சைலேன் புட்டியைக் குறை சொல்வார்கள். புட்டியும் குற்றமற்றது அல்ல. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் ஈரத்தில் சைலேன் தனக்குத்தானே பிணைந்து கெட்டுப்போகும்.

ஹார்வர்டின் சிகாங் சுவோ குழு 2019இல் இதற்கு அழகான ஒரு திருப்பம் கொடுத்தது. பரப்பில் சைலேனைப் பூசி, பிறகு அதன்மேல் பாலிமராக்கம் செய்வதற்குப் பதிலாக, சைலேனை மோனோமரோடு சேர்த்து முன்கூட்டியே சங்கிலிகளாக்கிவிடுவது. கிடைக்கும் பிசுபிசுப்பான திரவத்தைப் பெயின்ட் போலத் தூரிகையால் பூசலாம், தோய்க்கலாம், ஊற்றலாம். பூசியபிறகு சைலேன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வலையாகின்றன. பரப்போடும் சேர்ந்து பிடிமானமாகின்றன. பாலிமராக்கம் முன்பே முடிந்துவிட்டதால் பூசும் இடத்தில் ஆக்சிஜன் தொல்லை இல்லை, ஒளி தேவையில்லை. வேதியியலாளர் தன் வேலையைத் தொழிற்சாலையில் முடித்துவிட, பூசுபவர் வெறும் பெயின்டராக இருந்தால் போதும். இந்த வேலைப் பிரிவினைதான் இதன் பெரிய பலம் என்று நினைக்கிறேன். இறுகுவதற்கு மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். வரிசையில் நகரும் உற்பத்திக்கு அது இடையூறு.

சிறுநீர்க் குழாய்க்கு இதைத் தேர்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பிணைப்பைக் காரம் மெல்ல அறுக்கும். நலமான சிறுநீர் சற்றே அமிலத்தன்மை உடையது. ஆனால் நீண்ட நாள் குழாய் வைத்தவர்களிடம் அடிக்கடி தொற்றும் புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா, யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கிச் சிறுநீரைக் காரமாக மாற்றிவிடும். அதாவது பூச்சு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அதன் கால்கள் அரிக்கப்படும் சூழலும் அமைகிறது. சாதாரண உப்புநீரில் ஊறவைத்து "நிலையாக இருக்கிறது" என்று எழுதுவது இங்கே போதாது; காரமாக்கிய செயற்கைச் சிறுநீரில் வாரக்கணக்கில் வைத்துப் பார்க்கவேண்டும்.

எங்கும் ஒட்டும் என்ற ஆசை

2007இல் மெசர்ஸ்மித் குழு, கடல் சிப்பியின் ஒட்டும் புரதத்தைப் பார்த்து, டோபமீனை 8.5 காடித்தன்மையெண்ணில் (pH) கரைத்து அதில் எதைப் போட்டாலும் பழுப்புப் படலம் படியும் என்று 'சயின்ஸ்' இதழில் காட்டியது. டெஃப்லான்கூடத் தப்பவில்லை. ஒரு நாள் முழுவதும் வைத்தால் ஐம்பது நானோமீட்டர் அளவில் படலம் கிடைக்கும். அதன்பிறகு உலகத்தில் பூசப்படாத பொருள் இல்லை என்னும் அளவுக்குக் கட்டுரைகள் குவிந்தன. இயந்திரம் வேண்டாம், பிளாஸ்மா வேண்டாம், முகவைக் குவளை போதும் என்பதால் நம் கல்லூரி ஆய்வகங்களுக்கும் இது பிரியமான வழி.

அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்ட வழி என்பேன். இந்தப் படலம் கேட்டகால் தொகுதிகள் நிறைந்தது, கேட்டகால்கள் ராடிக்கலை விழுங்குபவை. வணிக மோனோமர்கள் புட்டியிலேயே கெட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் தடுப்பான்களும் இதே வகை வேதிப்பொருள்கள்தான். அப்படிப்பட்ட படலத்தின்மேல் ராடிக்கல் பாலிமராக்கத்தால் ஜெல் வளர்க்க முயல்வது, அணைப்பானைத் தெளித்துவிட்டு அதன்மேலேயே வினையைத் தொடங்குவதாகும். போதாததற்குப் படலம் பழுப்பாக இருப்பதால் புற ஊதா ஒளியையும் உறிஞ்சிவிடும். முன்பே தயாரான, அமீன் அல்லது தயோல் முனையுள்ள பாலிமரை அதன்மேல் இணைப்பதற்கு இது உகந்தது. அதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மெல்போர்னில் கருசோ குழு 2013இல் காட்டிய டானிக் அமிலம்–இரும்புப் படலம் இதைவிட மலிவு, ஒரு நாள் எடுப்பதை நிமிடத்துக்குள் செய்துவிடும். ஆனால் பத்து நானோமீட்டர் அளவுதான் படியும், அமிலத்தில் கலைந்துவிடும்.

இரும்பு அயனியைப் பரப்பிலிருந்து கசியவிட்டு, கரைசலிலுள்ள பெர்சல்பேட்டை அங்கேயே உடைத்து ஜெல்லை வளர்க்கும் முறையை சீனாவின் லான்சோவில் ஃபெங் ஷோவ் குழு 2018இல் வெளியிட்டது. நிமிடங்களில் தடிமனான பூச்சு, ஒளி வேண்டாம், குழிகளுக்குள்ளும் வளரும். எஃகுப் பொருள்களுக்கும் கப்பல், குழாய்த்தொடர் போன்ற பொறியியல் பரப்புகளுக்கும் அருமையாகப் பொருந்தும். உடலுக்குள் போகும் சிலிக்கோனுக்கு அல்ல. ஜெல்லில் இரும்பு மிஞ்சும். எம்ஐடியின் கேரன் கிளீசன் வளர்த்தெடுத்த ஆவிப்படிவு முறையில் கரைப்பானே இல்லை, தடிமன் நானோமீட்டர் துல்லியத்தில் வரும். வெற்றிட அறை வாங்கும் வசதியுள்ளவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் நீளமான மெல்லிய உள்துளையின் கடைசி வரை ஆவியைச் சீராகக் கொண்டுசேர்ப்பது கடினம்.

உற்பத்திக்கு நான் எடுப்பது

ஜெர்மனியின் ஃபிரைபர்கில் யூர்கன் ரூஹே குழு நெடுங்காலமாக உழைத்துவரும் வழி ஒன்று இருக்கிறது. பென்சோபீனோனைப் பரப்பில் ஊறவைப்பதற்குப் பதிலாக, பூசப்போகும் பாலிமரின் சங்கிலியிலேயே நூற்றுக்குச் சில அலகுகளாகக் கோத்துவிடுகிறார்கள். டைமெத்தில்அக்ரிலமைடு போன்ற நீர்விரும்பி மோனோமரோடு சேர்த்துப் பாலிமராக்கி, மோனோமர் மிச்சம் இல்லாமல் தூய்மை செய்து, உலர்ந்த பொடியாக வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது எத்தனாலில் கரைத்துத் தோய்த்து, உலர்த்தி, புற ஊதா ஒளியில் காட்டினால் போதும். ஒரே ஒளியில் சங்கிலிகள் தங்களுக்குள் குறுக்கிணைகின்றன, அடிப்பரப்போடும் பிணைகின்றன. தனியாகக் குறுக்கிணைப்பான் வேண்டாம்.

தோய்ப்பு முறையின் எளிமையும் ஒட்டுவளர்ப்பின் பிடிமானமும் இதில் சேர்ந்து வருகின்றன. நச்சு மோனோமர் பூச்சுக்கூடத்துக்குள் நுழைவதே இல்லை. பென்சோபீனோன் சங்கிலியில் கட்டுண்டிருப்பதால் தனி மூலக்கூறாகக் கசிவதும் குறைவு. தடிமனைத் தூக்கும் வேகம் தீர்மானிக்கிறது, ஊதலின் அளவை ஒளியின் அளவு தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் திருகிக்கொள்ளலாம். வளர்ப்பு முறைகளில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே நேரத்தைக் கூட்டினால் தடிமன், வலையின் நெருக்கம் எல்லாம் ஒன்றாக மாறும்.

குறைகளும் உண்டு. இந்தப் பாலிமரைக் கடையில் வாங்க முடியாது. நீங்களே தயாரிக்கவேண்டும், அதற்கு ஒரு பாலிமர் வேதியியலாளர் கூடவே இருக்கவேண்டும். சிலிக்கோன்மேல் எத்தனால் கரைசல் சில இடங்களில் சீராகப் படராமல் துளித்துளியாகச் சுருண்டுகொள்ளும். தோய்ப்பதற்கு முன் சிறிது பிளாஸ்மா கொடுத்தால் படரும். சிலிக்கோனின் பிடிவாதமான மெத்தில் தொகுதி இங்கேயும் தன் வேலையைக் காட்டும் என்பதால், பரப்புப் பிணைப்பு உட்பிணைப்பைவிட நலிவாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே பூச்சை மெல்லியதாக வைத்துக்கொள்ளவேண்டும். ஐந்து மைக்ரானைத் தாண்டவேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் தாண்டாதீர்கள்.

ஆக, என் கணக்கு இப்படிப் போகிறது. பொருள் கண்ணாடி அல்லது உலோகம், சூழல் காரமற்றது என்றால் சைலேன் பெயின்ட். பாலியூரித்தேன், குறுகிய காலம் என்றால் பிவிபி தோய்ப்பு. சிலிக்கோன், வாரக்கணக்கு, வெளிப்பரப்பு மட்டும் என்றால், கருத்தை நிரூபிக்கும் கட்டத்தில் பென்சோபீனோன் வளர்ப்பு. உற்பத்தி என்று வந்தால் பென்சோபீனோன் கோத்த பாலிமர். பென்சோபீனோன் வளர்ப்பில் கிடைத்த ஜெல்லின் வேதியமைப்பைக் கோத்த பாலிமருக்கு எடுத்துச்செல்ல முடியும் என்பதால், ஆய்வகத்து உழைப்பு வீணாகாது.

இப்போது பாலிமர்

பிடிமானம் முடிவானபிறகு எந்தப் பாலிமர் என்ற கேள்விக்கு வரலாம். சிறுநீருக்குப் பாலிஅக்ரிலிக் அமிலத்தை நான் தொடமாட்டேன். எதிர்மின் தொகுதிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்; உப்புக்கல் படிவதைத் தடுக்கவேண்டிய பரப்பே அதற்கு விதை போட்டுவிடும். மின்னூட்டமற்ற பிவிபியோ பாலிடைமெத்தில்அக்ரிலமைடோ பாதுகாப்பான தொடக்கம். சல்ஃபோபீட்டைன் போன்ற ஸ்விட்டர்அயனிகள் புரதத்தை விலக்குவதில் சிறந்தவை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷாவோயி ஜியாங் குழு 2013இல், கார்பாக்சிபீட்டைன் ஜெல்லை எலிகளின் தோலடியில் வைத்து மூன்று மாதம் வரை அதைச் சுற்றி நார்த்திசு உறை உருவாகவில்லை என்று காட்டியது. அது முழு ஜெல் கட்டி, கிருமியற்ற சூழல். பாக்டீரியா நீந்தும் சிறுநீரில் அதே பலன் கிடைக்கும் என்று அதிலிருந்து தாவிவிடக் கூடாது.

ஸ்விட்டர்அயனியைத் தேர்ந்தால் தடிமன் கணக்கை மறுபடி போடவேண்டும். சாதாரண மின்னூட்டப் பாலிமர்கள் உப்புநீரில் சுருங்கும். ஸ்விட்டர்அயனிகள் பல, உப்புநீரில் இன்னும் விரியும். ஆய்வகத்தில் தூய நீரில் ஊதலை அளந்து நிம்மதியடைந்தவர், சிறுநீரின் உப்பில் பூச்சு எதிர்பார்த்ததைவிட அதிகம் ஊதி இடைமுகத்தை இழுப்பதைக் காண்பார்.

கிருமிநீக்கத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். 25 கிலோகிரே காமாக் கதிர் ஈரமான ஜெல்லில் பட்டால், தண்ணீர் உடைந்து பிறக்கும் ராடிக்கல்கள் பிவிபியை மேலும் குறுக்கிணைக்கும், ஜெல் செய்யப் பயன்படும் இன்னொரு பாலிமரான ஹையலுரானிக் அமிலத்தைத் துண்டாடும். எத்திலீன் ஆக்சைடுக்கு உலர்ந்த பூச்சே உகந்தது. ஈர உறையா, உலர் உறையா என்று முன்பு கேட்டது இங்கே வந்து பதில் கேட்கும்.

சோதனையில் ஒட்டுநாடாவைத் தூக்கி வைத்துவிடுங்கள். பெயின்டுக்கான அந்தச் சோதனை நனைந்த ஜெல்லில் அர்த்தமற்றது. நாடா ஜெல்லையே ஒட்டாது, "நூற்றுக்கு நூறு ஒட்டுதல்" என்று பொய்யான மதிப்பெண் கிடைக்கும். தண்ணீருக்குள் சிலிக்கோன் திண்டுகளால் குழாயைப் பிடித்து, அழுத்தம் மாறாமல் திரும்பத் திரும்ப இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் உராய்வு விசையைப் பதிவு செய்யவேண்டும். கோடு தட்டையாகவே போனால் நல்லது. மெல்ல ஏறினால் ஜெல்லின் உடல் தேய்கிறது, குறுக்கிணைப்பைக் கூட்டலாம். திடீரென்று படியேறுவதுபோல் தாவினால் இடைமுகம் விட்டுப்போய்விட்டது என்று பொருள். குறுக்கிணைப்பைக் கூட்டி அதைச் சரிசெய்ய முடியாது, தடிமனைக் குறைக்கவேண்டும் அல்லது பிணைப்பு முறையையே மாற்றவேண்டும். இழுத்து முடித்த குழாயைச் சாயத்தில் தோய்த்துப் பாருங்கள். பிவிபிக்குக் காங்கோ சிவப்பு நன்றாகப் பிடிக்கும். வெளிறிய திட்டுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்பது, அடுத்து மாற்றவேண்டியது வேதியியலா, தோய்க்கும் இயந்திரமா என்பதைச் சொல்லிவிடும்.